கிரென்ஃபெல்: குளிருக்குப் போட்ட போர்வை

2017 ரமழானில் லண்டனில் ஒரு தொடர்மாடி எரிந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சஹருக்காக விழித்திருந்தவர்கள் அயலவரின் கதவுகளைத் தட்டி எழுப்பிய செய்தியை அப்போது நாமும் பகிர்ந்தோம். ஆனால் அந்தத் தீயின் கதை பல வருடம் முந்தியது.

கிரென்ஃபெல் டவர் 1974இல் கட்டி முடிந்த 24 மாடி. உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமானது. மொரோக்கோ, எத்தியோப்பியா, சிரியா, பங்களாதேஷ் என்று பல நாட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த இடம். அந்தக் காலத்துக் கொங்கிரீட் சுவர் குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டை வெளியே விட்டுவிடும். எரிசக்திச் செலவு ஏறும். அதனால் பிரித்தானியாவில் இப்படியான பழைய மாடிகள் பலவற்றுக்கு வெளியே 'போர்வை' போட்டார்கள். சுவரில் வெப்பம் காக்கும் நுரைப்பலகை, பிறகு சிறு இடைவெளி, அதற்கு மேல் தகடு. கிரென்ஃபெலில் இந்த வேலை 2016இல் முடிந்தது.

வெப்பம் காப்பது நல்ல காரியம், அதில் எனக்குக் கேள்வியில்லை. பிழை பொருளில். முதலில் பேசப்பட்டது துத்தநாகத் தகடு. ஏறத்தாழ 3 இலட்சம் பவுண் மிச்சம் என்று அலுமினியத்துக்கு மாறினார்கள். அதுவும் முழு அலுமினியம் அல்ல. இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் பொலித்தீன்; நம் கடைப் பைகளின் அதே இனம். நுரைப்பலகையும் எரியக்கூடியது. இடைவெளியோ புகைபோக்கி போல வேலை செய்தது. தீப்பாதுகாப்பு அறிக்கையில் வெளிப்போர்வை பற்றிப் 'பின்னர் உறுதிசெய்யப்படும்' என்றிருந்தது. அந்தப் 'பின்னர்' வரவேயில்லை.

ஜூன் 14, நள்ளிரவு தாண்டி 12.54. நாலாம் மாடி வீடொன்றில் பிரிட்ஜில் பிடித்த தீ, யன்னல் வழியே வெளியேறி சுமார் 20 நிமிடத்தில் உச்சியைத் தொட்டது. 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்ற அறிவுறுத்தல் இரண்டு மணி நேரமளவில் மாறவில்லை. அது, கொங்கிரீட் மாடியில் தீ ஒரு வீட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில் பிறந்த விதி. 72 பேர் மரணித்தார்கள்.

இது முதல் தடவையுமல்ல. 1991இல் லிவர்பூலுக்கு அருகே நோஸ்லி ஹைட்ஸ் என்ற 11 மாடியிலும் வெளிப்போர்வை வழியே தீ உச்சிவரை ஏறியது. அங்கே யாரும் இறக்கவில்லை, கதையும் மறந்துபோனது. 1999இல் ஸ்கொட்லாந்தின் இர்வினில் ஒருவர். 2009இல் லண்டன் லக்கனல் ஹவுஸில் 6 பேர். கிரென்ஃபெல் குடியிருப்பாளர்கள் சிலர் தங்கள் கட்டடத்தின் தீப்பாதுகாப்புப் பற்றி 2016 நவம்பரிலேயே பகிரங்கமாக எழுதி எச்சரித்திருந்தார்கள்.

2018 டிசம்பரில்தான் இங்கிலாந்து 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருட்களைத் தடைசெய்தது. 2024 செப்டம்பர் 4 அன்று விசாரணையின் இறுதி அறிக்கை வந்தது. தகட்டைத் தயாரித்தவர்கள் அதன் ஆபத்தை அறிந்தே மறைத்தார்கள் என்றது. அன்று பேசிய விசாரணைத் தலைவர், 72 மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்றார்.