பிழைப் பெருக்கி

எரர் ஆம்ப்ளிஃபயரைத் தமிழில் பிழைப் பெருக்கி என்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். நான் பிரெஞ்சில் படித்தவன். அங்கே 'ஃபோத்' என்றால் குற்றம் என்ற வாடை இருக்கும். 'எரேர்' வெறும் தடம் மாறுதல். இங்கே பொருந்துவது இரண்டாவது. இருக்கவேண்டிய வோல்டேஜுக்கும் இருக்கிற வோல்டேஜுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பெரிதாக்கி, ரெகுலேட்டரைத் திருத்த வைப்பதே அதன் வேலை.

பழைய அம்பாசடரில் டிரான்சிஸ்டர் இல்லாமலே இது நடந்தது. மெக்கானிக்குகள் 'கட்-அவுட்' என்ற பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் காயிலும். டைனமோ வோல்டேஜ் ஏறினால் காயில் இழுத்துக் காண்டாக்டைத் திறக்கும். இறங்கினால் ஸ்பிரிங் மூடும். 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் வண்டிகளுக்கான மின் சாமான்களைப் பாடியிலேயே செய்தது. பாடி அன்று செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் பல வருஷம் எங்கள் திருவள்ளூர்.

1970ஐ ஒட்டி அமெரிக்காவில் பாப் விட்லர், எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி மூன்று கால் ரெகுலேட்டர் செய்தார். அந்த வகையைச் சேர்ந்த 7805 இன்றும் ரிச்சி தெருவில் கிடைக்கும். அது 5 வோல்ட் கொடுக்க, உள்ளே சுமார் 7 வோல்ட் வரவேண்டும். குளிர் தேசத்தில் காரை ஸ்டார்ட் செய்தால் 12 வோல்ட் பேட்டரி 6 வரை இறங்கிவிடும். அதற்காகவே எல்எம்2931 போன்ற, அரை வோல்ட் அதிகம் இருந்தாலே போதும் என்கிற ரெகுலேட்டர்கள் வந்தன.

சிக்கலும் கூடவே வந்தது. 7805இல் மின்சாரம் டிரான்சிஸ்டரின் எமிட்டர் வழியாக வெளியே வரும், அது சாது. புதியதில் கலெக்டர் வழியாக வருகிறது. வெளியே உள்ள கெப்பாசிட்டரும் லோடும் சேர்ந்து திருத்தத்தைத் தாமதப்படுத்தும். தாமதமான திருத்தம் ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளுவது போல, ஆட்டம் நிற்காது. பிழைப் பெருக்கியை இரண்டு கட்டமாக வைத்தால் துல்லியம் கூடும், தாமதமும் கூடும். ஒரே கட்டம் என்றால் அடங்கி நிற்கும், துல்லியம் குறையும். வடிவமைப்பவரின் தலைவலி இதுதான். பழைய சில்லுகள் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் சிறு ரெசிஸ்டன்ஸை நம்பியே நிதானம் காத்தன.

கும்மிடிப்பூண்டியில் போர்டு ரிப்பேர் பார்க்கும் என் அக்கா மகன் சொன்னது. ஓர் ஆலையில், காய்ந்த எலக்ட்ரோலிட்டிக்குக்குப் பதில், உயர்ந்தது என்று செராமிக் கெப்பாசிட்டர் போட்டிருந்தார்கள். செராமிக்கில் அந்த ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை. மீட்டரில் சரியாக 5 வோல்ட். மெஷினோ நின்று நின்று போனது. மாற்றிய பையன் மேல் பழி. இரண்டு ஷிப்ட் தினக்கூலி ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தபோதுதான் அந்த 5 வோல்ட் அலை அலையாக ஆடுவது தெரிந்தது. செராமிக்கோடு ஒரு ஓம் ரெசிஸ்டர் சேர்த்ததும் அலை அடங்கியது. இப்போது வரும் சில்லுகள் பல செராமிக்குக்கென்றே வடிவமைத்தவை. பழைய போர்டு என்றால் முதலில் அந்தச் சில்லின் டேட்டாஷீட்டைப் பார்க்கச் சொல்கிறான்.