கட்ச் புல்வெளியில் நட்ட மரம்

குஜராத்தின் புஜ் நகருக்கு வடக்கே, பெரிய ரண் உப்புப் பாலையை ஒட்டிச் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது பன்னி புல்வெளி. 1961-ல் அங்கே வனத்துறை ஏறத்தாழ 31,550 ஹெக்டேரில் சீமைக் கருவேலத்தை வளர்த்தது. ரண்ணின் உப்பு தெற்கே ஏறி வருகிறது, மரங்கள் அதைத் தடுத்துவிடும் என்பது அன்றைய கணக்கு. நட்ட இடத்தோடு மரம் நிற்கவில்லை. புல்வெளியின் பெரும்பகுதி இன்று முட்காடு. பழியை மரத்தின் மேல் போட்டுவிடுவது எளிது. ஆனால் மரமில்லாத நிலத்தைக் குறைபட்ட நிலமாகவும், பரந்து ஓடும் வெள்ளத்தை வீணாகும் நீராகவும் எண்ணிய பார்வைதான் அந்த மரத்துக்கு இடம் கொடுத்தது.

பன்னி வெள்ளத்தால் உருவான நிலம். கட்ச் குன்றுகளில் பிறக்கும் காட்டாறுகள் பருவமழைக் காலத்தில் வடக்கே இறங்கி, மேடுபள்ளம் அதிகமில்லாத அந்தச் சமவெளியில் பரவி நிற்கும்; பிறகு வற்றும். அந்த நல்ல நீர் மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். அப்படித் தேறிய மண்ணில்தான் ஜிஞ்ஜ்வோ, தாமன் போன்ற தீவனப் புற்கள் செழித்தன. உகாவும் நாட்டுக் கருவேலமும் அங்கங்கே நின்றன. அங்கு மாடு மேய்க்கும் மால்தாரிகளின் 'விர்தா' என்ற ஊற்றுக்குழியில் இதைக் கண்ணால் காணலாம். மழைநீர் தேங்கும் தாழ்வில் குழி தோண்டுவார்கள். அடியில் இருப்பது உவர்நீர்; அதைவிடக் கனம் குறைந்த மழைநீர் அதன்மேல் தனிப் படலமாக மிதக்கும். அந்தப் படலத்தை எட்டும் ஆழத்தோடு நிறுத்தி, பக்கச்சுவர் சரியாதபடி மரத்துண்டும் புல்லும் அடுக்கி, ஊறும் நீரை எடுத்துக்கொள்வார்கள். மேலிருந்து வரும் நீர் குறைந்தால் இந்தப் படலமும் மெலியும். ருத்ரமாதா போன்ற அணைகள் எழுந்தபின் ஆறுகளின் வரத்து சுருங்கியது.

இத்தகைய இடத்தில் சீமைக் கருவேலத்துக்கு எல்லாமே சாதகம். உப்பைத் தாங்கும், வேர் ஆழம் போகும், வெட்டினால் துளிர்க்கும். இனிப்பான நெற்றை மாடுகள் விரும்பித் தின்னும், செரிக்காத விதை சாணத்தோடு வேறிடம் போய் முளைக்கும். ஆக, புல்லை நம்பிய மந்தையே புல்லின் எதிரியைச் சுமந்து சென்றது. அடர்ந்த நிழலில் புல்லுக்கு வெயில் கிடைக்கவில்லை. நெற்று காங்கிரேஜ் மாடுகளுக்கு ஒத்துக்கொள்ளாததால் மால்தாரிகள் பெருமளவில் எருமைக்கு மாறினார்கள். 'காண்டோ பாவல்', அதாவது பைத்தியக்காரக் கருவேலம் என்று ஊர்மக்கள் இதற்குப் பெயரிட்டிருப்பதில் வியப்பில்லை.

இந்த மரம் இல்லையென்றால் பன்னியை உப்பு விழுங்கியிருக்காதா என்று கேட்கலாம். மேல்மண்ணின் உப்பைக் கழுவி இறக்குவது நன்னீர். நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் அந்த வேலையைச் செய்யாது. மரத்தை வேரோடு களைந்த இடங்களில் மழைக்குப்பின் புல் திரும்பியிருக்கிறது. அங்கெல்லாம் புல்லுக்குத் தடையாக இருந்தது உப்பு அல்ல, மரமே. உவர் மிகுந்த தாழ்நிலங்களில் மரத்தை அகற்றினால் மட்டும் போதாது, வெள்ளமும் வரவேண்டும்.

இன்னொரு கேள்வி கனமானது. ராமநாதபுரத்தைப் போலவே பன்னியிலும் கரிமூட்டம் ஏழைகளின் பிழைப்பு. அதை எப்படிப் பறிப்பது? பறிக்கத் தேவையில்லை, ஆனால் கரித்தொழிலே புல்வெளியை மீட்டுவிடும் என்று நம்பவும் கூடாது. பன்னியில் கரி சுடுவதற்கு இருந்த தடையை 2004-ல் தளர்த்தியதும் கரிமூட்டங்கள் பெருகின; நாட்டு மரங்களும் வெட்டுப்பட்டன; 2008-ல் தடை திரும்பியது. கரிக்கு வெட்டுபவர் அடிக்கட்டையை விட்டுவைப்பதில் நியாயம் உண்டு, அடுத்த வெட்டு அதிலிருந்துதான் வரும். புல்லுக்கோ அந்தக் கட்டை வெளியேற வேண்டும். எனவே கட்டையைத் தோண்டி எடுப்பதற்குத் தனிக் கூலி தரவேண்டும். வெள்ளம் பாயும் தடங்களில் தொடங்கி, உகாவையும் நாட்டுக் கருவேலத்தையும் விட்டுவைத்துக் களையவேண்டும். நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் அணைநீரில் ஒரு பங்கை வடக்கே திறந்துவிடவேண்டும்.