சாரலில் ஆறிய நெஞ்சங்கள்

தமிழர் நீராடிய வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் உடல் தூய்மையைச் சொல்வர். அல்லது தீர்த்தப் பேற்றைச் சொல்வர். மனத்தின் பொருட்டு மனிதர் நீரை நாடிச் சென்ற செய்தி அத்துணை பேசப்படுவதில்லை. பழைய இலக்கியத்திலோ அதுவே முந்தி நிற்கின்றது.

ஐந்திணை வகுத்த மரபு, கடற்கரைக்கு உரிய ஒழுக்கமாக இரங்கலை வைத்தது. இது சற்று நின்று எண்ணத்தக்கது. கடலின் அழகையும் காற்றின் தண்மையையும் அறியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். அவ்வளவும் அறிந்தே அவ்விடத்தைத் துயருக்கு ஒதுக்கினர். நெய்தல் தலைவி வீட்டில் எவரிடமும் சொல்லாததைக் கானலில் நின்று நாரையிடமும் நண்டிடமும் அலையிடமும் சொல்லுகின்றாள். அவை மறுமொழி தருவதில்லை. தருமென்று அவளும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் சொல்லி முடித்தவளின் நெஞ்சில் ஏதோ ஒன்று நெகிழ்ந்திருக்கின்றது. துயரத்தைத் துடைப்பது என்று நீருக்கு ஓர் ஆற்றல் உண்டோ இல்லையோ, அதனைச் சொல்லவைக்கும் ஆற்றல் உண்டென்று அந்தப் புலவர்கள் கண்டிருந்தனர்.

ஆற்றங்கரைக்கு வந்தால் ஒலி மாறுகின்றது. பரிபாடல் எழுபதென்பர், முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுள் எட்டு வையைக்கு உரியன. 1918இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தபோது, பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறிக்கப்பட்டிருந்தமை இசையறிஞர்களையும் அதன்பால் ஈர்த்தது. வையையில் புதுப்புனல் வந்ததென்று கேட்டதும் மதுரை முழுவதும் கரைக்கு ஓடுகின்றது. ஊடியிருந்தவர் கூடுகின்றனர், கூடி வந்தவர் சிலர் அங்கேயே ஊடவும் செய்கின்றனர். நெய்தலில் ஒருத்தி தனித்து நின்றாள். இங்கே ஓர் ஊரே நீரில் இறங்கி வாய்விட்டுக் கூவுகின்றது. உள்ளே அடைபட்டது வெளியே வருவதில் மட்டும் இரண்டும் ஒன்று.

இவ்விரு மரபும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன எனின், அவ்விடம் திருக்குற்றாலம்.

தமிழகத்தின் பிற பகுதிகள் ஆனி, ஆடியில் வெயிலிலும் வறண்ட காற்றிலும் வாடும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தில் நுண்துளிகளைத் தூவுகின்றது. மழை என்று சொல்ல முடியாத அம்மழைக்குச் சாரல் என்று பெயர். திரிகூட மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு பேரருவியாக விழுமிடத்தில் நடுவே பாறை குடைந்து ஒரு கொப்பரை அமைந்திருக்கின்றது. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். மேலிருந்து வரும் வேகத்தையெல்லாம் அது வாங்கிக்கொண்டு, பொங்கி வழிவதை மட்டும் கீழே விடுகின்றது. அஃது இல்லையேல் அவ்வருவியைக் கண்டு வணங்கலாமேயன்றி அதன்கீழ்த் தலையைக் காட்ட முடியாது.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. ஆயினும் அருவியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர், பதினெட்டாம் நூற்றாண்டில் அருகிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் மருத்துவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. உலாவந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கிய வசந்தவல்லிக்குத் தென்றலும் நிலவும் சந்தனமும் ஆகிய குளிர்ச்சிப் பொருள்கள் ஒன்றும் உதவவில்லை. அவை வெப்பத்தையே கூட்டின. பின்னர்க் குறத்தி வருகின்றாள். மலைவளம் சொல்லுகின்றாள், அருவி விழுவதும் மந்தி விளையாடுவதும் வான்வரை திவலை எழுவதும் சொல்லுகின்றாள். அதன் பின்னரே கைந்நோக்கிக் குறி உரைக்கின்றாள். நோயாளியின் உள்ளம் கேட்கும் நிலைக்கு வந்தபின் நோயைப் பேசத் தொடங்கிய அவளை வெறும் வயிற்றுப்பாட்டுக்காரி என்று தள்ளிவிடல் தகாது.

குற்றால அருவியில் நின்றால் பித்தம் தெளியும் என்பது தென்பாண்டி மக்களின் நெடுநாள் நம்பிக்கை. பித்தம் என்ற சொல்லுக்கு உடல் நோய், மன நோய் என இரு பொருளும் உண்டாதலின், மனநிலை பிறழ்ந்தோரையும் அங்கே அழைத்து வருதல் வழக்கமாயிற்று. இதனைப் போற்றிச் சொல்லுமிடத்து இதன் மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. அஞ்சி நடுங்குபவனைப் பிடித்து நீரின்கீழ் நிறுத்துவது மருத்துவம் ஆகாது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் நோயாளர் தலைமேல் குளிர்நீரை ஊற்றியும் திடுமென நீரில் அமிழ்த்தியும் செய்த கொடுமைகளும் மருத்துவம் என்ற பெயரிலேயே நிகழ்ந்தன. நீர் தானும் எப்போதும் நல்லதன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டு சென்றது.

தானே விரும்பி நீரருகே செல்பவனுக்கு நேர்வது என்ன என்பதை இக்கால உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். முயன்று செலுத்தும் கவனம் நாளெல்லாம் உழைத்துச் சோர்ந்துவிடும். ஓடும் நீர், அசையும் இலை போன்றவை முயற்சியின்றியே கண்ணை ஈர்ப்பதால் அச்சோர்வு நீங்கும் என்று 1989இல் வெளிவந்த நூலில் அமெரிக்க உளவியலாரான ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் இணையர் விளக்கினர். பின்னர் இங்கிலாந்தின் எக்சீட்டர் பல்கலைக்கழகத்தார் கடலோரமும் நீர்நிலைகளும் மனநலத்துக்குத் துணையாதலைத் தொடர்ந்து ஆராயலாயினர். இவ்வாய்வுகள் கண்ணையும் கவனத்தையும் நன்கு விளக்குகின்றன. அருவிக்கரையில் மனிதர் ஏன் இவ்வளவு பேசுகின்றனர் என்பதை அவ்வளவாகத் தொடவில்லை.

அதனை அறிய ஐந்தருவிப் பக்கம் செல்ல வேண்டும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தவர், சட்டம் பயின்றவர், அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டு முற்றத்தில் கூடியோர் தம் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்றே பெயரிட்டனர். பணியினின்றும் ஓய்ந்தபின் அவர் குற்றாலத்தில் தங்கியபோது வட்டத்தொட்டியும் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. சாரல் தொடங்கியதும் அன்பர்களுக்குக் கடிதம் போகும். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், பாஸ்கரத் தொண்டைமானும் மகாராஜனும் வந்தனர். காலையில் அருவி, பின் விருந்து, பின் கம்பன். நாள் இவ்வாறு கழியும். நீராடி வந்த உடல் தளர்ந்து, பசி தீர்ந்து, கேட்கும் மனம் வாய்த்த பொழுதிலேதான் டி. கே. சி. செய்யுளை எடுத்தார், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, நிறுத்தியும் ஏற்றியும் வாய்விட்டுப் படித்தார்.

கம்பன் பதிப்பில் அவர் பாடல்களைத் தள்ளியதும் திருத்தியதும் பலவிடங்களில் ஏற்கத்தக்கன அல்ல. அறிஞர் அன்றே மறுத்தனர். எனினும், கவிதையைக் கண்ணால் அன்றிக் காதால் துய்க்கப் பலரைப் பழக்கியவர் அவர் என்பதை மறுத்தவர் இலர். அந்தக் காதுகளை அருவி முன்னரே பண்படுத்தி வைத்திருந்தது என்று கொள்ளினும் பிழையாகாது.

இவ்வளவும் இன்பமாக வாழ்ந்த ஒருவரின் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். அவ்வாறன்று. தம் ஒரே மகன் தீத்தாரப்பனை இளமையிலேயே பறிகொடுத்த தந்தை அவர். அச்செய்தி கேட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். அதனைப் படித்த டி. கே. சி., மகனை இழந்த துயருக்கு நடுவிலும் கவிதையின் நயத்தில் ஆழ்ந்து அதனைப் பாராட்டி மறுமொழி எழுதினார் என்பதைத் தமிழன்பர்கள் இன்றும் வியந்து சொல்வர். சிலர் அதனைக் கல்நெஞ்சம் என்றும் எண்ணக்கூடும். நெய்தற் பாட்டை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். தானே சொல்ல மாட்டாத இரங்கலைத் தோழி சொல்லக் கேட்டு ஆறும் தலைவி அங்கே உண்டு. இங்கே தோழி இருந்த இடத்தில் கவிமணி இருந்தார்.

அதன் பின்னரும் சாரல் தோறும் கடிதங்கள் போயின; வட்டத்தொட்டி கூடியது. துயரம் மறைந்துவிட்டதென்று எவரும் எழுதி வைக்கவில்லை. பாட்டு நிற்கவில்லை என்பது மட்டும் தெரிகின்றது.

1954 பிப்ரவரி 16 அன்று டி. கே. சி. மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கவிமணியும் டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். இடையில் வந்த ஆனியில், குற்றாலத்திலிருந்து அழைப்புக் கடிதம் எழுத அவர் இல்லை.