ரிம்மைப் பிடித்த எண்ணெய்: ஒரு சைக்கிள் பிரேக்கின் வரலாறு

சைக்கிளில் ஹைட்ராலிக் பிரேக் என்றால் இன்று எல்லோருக்கும் டிஸ்க்தான் நினைவுக்கு வரும். ஆனால் டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் பரவுவதற்கு முன்பே, ரிம்மை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. ஆண்டு 1987. செய்தவர்கள் ஜெர்மனியின் மகுரா நிறுவனம். ஊரின் பெயரும் உரிமையாளர் பெயரும் சேர்ந்த பெயர் அது: மாகன்விர்த், ஊராக். குஸ்டாவ் மாகன்விர்த் 1893இல் தொடங்கிய தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள்களுக்குக் கைப்பிடி லீவர்கள் செய்து பேர் வாங்கியது. லீவரை அழுத்தினால் என்ன நடக்கணும் என்பதில் அவர்களுக்குப் பல தலைமுறை அனுபவம் இருந்தது.

இந்தப் பிரேக்கை எப்படிச் சரி செய்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் இந்த வரலாற்றைத்தான் சொல்வேன். காரணம், இதில் வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் விடை அதை வடிவமைத்தபோது எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

அடிப்படை பழையது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் அப்படியே பரவும் என்று எழுதினார் பிளேஸ் பாஸ்கல். அவர் 1662இல் இறந்தார், நூல் அடுத்த ஆண்டு அச்சானது. 1795இல் ஜோசப் பிராமா அதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1920களில் காருக்கு வந்தது. சைக்கிளில் காலூன்ற இன்னும் பல பத்தாண்டுகள் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்? கம்பி பிரேக் மலிவு, ரோட்டோரக் கடையில் அஞ்சு நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். ஆனால் கம்பி உறைக்குள் உராயும், மழையில் துருப்பிடிக்கும், குளிரில் உறையும். ஆண்டில் பாதி நாள் ஈரமாக இருக்கிற ஊர்களில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. மகுரா பிடித்தது அந்த வாடிக்கையாளரைத்தான்.

இப்போது வடிவமைப்பைப் பாருங்கள். லீவரில் ஒரு சின்னப் பிஸ்டன். அங்கிருந்து குழாய் ஒன்று கீழே வந்து, ரிம்முக்கு ஒரு பக்கம் இருக்கும் சிலிண்டரில் நுழைகிறது. அதிலிருந்து டயருக்கு மேலே வளைந்து போகும் இன்னொரு குழாய் மறுபக்கச் சிலிண்டருக்குப் போகிறது. அவ்வளவுதான். காரில் இருப்பது போலத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. இது முழுக்க மூடிய அமைப்பு.

தொட்டி இல்லாததால் மூன்று விஷயம் நடக்கிறது. ஒன்று, கட்டை தேயத் தேய அந்த இடைவெளியை நிரப்ப எண்ணெய் தானாக வராது. அதனால்தான் எச்எஸ்33 மாடலில் லீவர் பக்கத்தில் ஒரு திருகு வைத்தார்கள். கையால் திருப்பினால் கட்டை ரிம்முக்கு அருகே வரும். லீவர் கெட்டியாக இருந்தும் ஹேண்டில்பார் வரை போகிறது என்றால் காற்றைச் சந்தேகிக்காதீர்கள். கட்டை தேய்ந்திருக்கிறது, திருகைத் திருப்புங்கள். இரண்டு, கடும் வெயிலில் நிறுத்தினால் எண்ணெய் விரிந்து போக இடம் இல்லை, கட்டை ரிம்மை நெருங்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் ரொம்ப நெருக்கமாக வைத்திருந்தால் உரசவும் செய்யும். மூன்றாவது நல்ல விஷயம்: கசிவு இல்லாதவரை காற்று உள்ளே வர வழியே இல்லை. பல வருஷம் எண்ணெய் மாற்றாமலேயே ஓடுகிற சைக்கிள்கள் இருக்கின்றன.

அதனால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால், ஏர் எடுப்பதற்கு முன்னால் அது எங்கிருந்து ஏறியது என்று தேடணும். லீவரை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிஷம் இருங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள், ஈரம் காட்டிக் கொடுக்கும்.

ஏர் எடுப்பது ஒரு சிரிஞ்ச் வேலை. காற்று மேலே ஏறும், எனவே எண்ணெயைக் கீழிருந்து மேலே தள்ளணும். முதலில் லீவர் திருகை முழுக்கப் பின்னால் திருப்புங்கள், இல்லாவிட்டால் கட்டையின் இடம் தவறிவிடும். லீவரின் எண்ணெய் வாய் உச்சியில் இருக்கும்படி சைக்கிளைச் சாய்த்து நிறுத்துங்கள். பாதையின் கடைசிச் சிலிண்டரில் இருக்கும் திருகைக் கழற்றி, எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சைச் செருகுங்கள். மேலே இன்னொரு காலி சிரிஞ்ச். இனி நிற்காமல் தள்ளுங்கள். டயருக்கு மேலே போகிற குழாய் கவிழ்த்த 'ப' மாதிரி இருக்கிறது, குமிழி அதன் உச்சியில் ஒளிந்துகொள்ளும். மெதுவாகத் தள்ளினால் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும், குமிழி அங்கேயே உட்கார்ந்திருக்கும். விரலால் தட்டிக்கொண்டே சீராகத் தள்ளினால்தான் மேலே வரும். குமிழி நின்றதும் முதலில் மேல் வாயை மூடி, பிறகு கீழ்த் திருகு.

எண்ணெய் விஷயம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். மகுரா தேர்ந்தது நீல நிற மினரல் ஆயில். 'ராயல் பிளட்' என்று பேர் வைத்தார்கள். ரிம் பெரிய வட்டம், சூடு சீக்கிரம் பரவிக் காற்றில் போய்விடும், அதிகக் கொதிநிலை கொண்ட டாட் திரவம் இங்கே தேவைப்படவில்லை. டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும், பெயின்டையும் அரிக்கும். ஆனால் நம்மூர் பைக், கார் மெக்கானிக் கையில் இருப்பது டாட் தான். நண்பர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த டிரெக்கிங் சைக்கிளுக்கு ஒரு கடையில் அதைத்தான் ஊற்றினார்கள். முதல் நாள் பிரேக் அருமையாகப் பிடித்திருக்கிறது. கொஞ்ச நாளில் மினரல் ஆயிலுக்கென்றே செய்த ரப்பர் சீல்கள் ஊதிப்போய், கட்டை ரிம்மை விட்டுத் திரும்பவே மறுத்தது. சீல் ஊதியபின் ஏர் எடுத்துப் பயனில்லை. கட்டை திரும்பாத பிரேக்கைப் பார்த்தால், "உள்ளே என்ன ஊத்தினீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கணும்.

சீல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இன்னொரு நிறுவனத்தின் கதை சாட்சி. 2013இல் ஸ்ராம் ரோடு சைக்கிள்களுக்கு ஹைட்ராலிக் ரிம், டிஸ்க் இரண்டையும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உறைபனிக் குளிரில் லீவருக்குள் சீல் அழுத்தத்தைத் தாங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு செர்வேலோ பி5 சைக்கிளில் மகுராவின் ஹைட்ராலிக் ரிம் பிரேக் வந்திருந்தது. ஆனாலும் ரோடு சைக்கிள் உலகம் டிஸ்க் பக்கம் சாய்ந்தது. டிஸ்க் தேய்ந்தால் ஒரு தகடு மாற்றினால் போதும். ரிம் பிரேக்கில் தேய்வது சக்கரமே.

தோற்றுப்போன தொழில்நுட்பம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாறைமேல் தாவும் டிரையல்ஸ் விளையாட்டுக்காரர்கள் ரிம்மைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி இன்றும் இதைத்தான் பின் சக்கரத்தில் பூட்டுகிறார்கள். ஒரு விரல் அழுத்தத்தில் சக்கரம் அசையாமல் நிற்கணும், அவர்களுக்கு அதுதான் கணக்கு. முப்பது வருஷம் பழைய பிரேக்கானாலும், சரியான எண்ணெய், ஒரு சிரிஞ்ச், கொஞ்சம் பொறுமை இருந்தால் மறுபடி ஓடும். குப்பைக்குப் போகிற பலவற்றில் பழுது பிரேக்கில் இல்லை, அதைப் பற்றித் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததில்தான். உங்களிடம் ஒன்று இருந்தால் கழற்றி எறிவதற்கு முன் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக இருந்தால் நம்பிக்கை இருக்கிறது.