பெருநகரங்களில் உற்பத்தித்திறன் உயர்வது ஏன்? நகரின் அளவும் பொருளாதார வளர்ச்சியும்: ஒரு விளக்கம்

புது தில்லி: ஒரே கல்வித் தகுதியும் அனுபவமும் கொண்ட இருவரில் ஒருவர் சிறுநகரிலும் மற்றவர் பெருநகரிலும் பணிபுரிந்தால், பெருநகரில் இருப்பவரின் ஊதியம் பெரும்பாலும் கூடுதலாகவே உள்ளது. வாடகையும் இதர செலவுகளும் அதிகமாக இருந்தும், அந்த ஊதியத்தை வழங்கிக்கொண்டு நிறுவனங்கள் பெருநகரங்களிலேயே நீடிக்கின்றன. அங்கு ஒரு தொழிலாளரால் உருவாகும் உற்பத்தியின் மதிப்பு அதிகம் என்பதே இதற்குக் காரணம். எனினும், நகரம் பெருத்தால் மட்டும் இந்த ஆதாயம் கிடைத்துவிடுவதில்லை.

நகரங்களில் எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புற மக்கள்தொகை சுமார் 37.7 கோடி; இது மொத்த மக்கள்தொகையில் 31.2 சதவீதம். 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நகர்ப்புறங்களின் எண்ணிக்கை 2001-இல் 35 ஆக இருந்து, 2011-இல் 53 ஆக உயர்ந்தது. நகரவாசிகளில் 10 பேரில் 4 பேருக்கும் மேல் இந்த 53 இடங்களில் வசித்தனர். 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை மேலும் உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது.

மூன்று காரணங்கள்

தொழில்கள் ஓரிடத்தில் குவிவதால் கிடைக்கும் நன்மைகளை பிரிட்டன் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியான தமது நூலில் விளக்கினார். கில் டுரான்டன், டியகோ புகா ஆகிய ஆய்வாளர்கள் 2004-இல் அவற்றை பகிர்தல், பொருந்துதல், கற்றல் என மூன்றாக வகைப்படுத்தினர்.

பகிர்தலுக்கு குஜராத்தின் சூரத் நகரம் சான்றாகும். அங்குள்ள ஆயிரக்கணக்கான விசைத்தறிக்கூடங்கள் நூல் வியாபாரிகள், சாயப்பட்டறைகள், இயந்திரப் பழுதுநீக்குவோர் ஆகியோரைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு கூடமும் இவற்றைத் தனித்தனியாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பொருந்துதல் என்பது உரிய வேலைக்கு உரிய ஆள் கிடைப்பதைக் குறிக்கும். வேலைவாய்ப்புகளும் வேலை தேடுவோரும் பெருமளவில் ஒரே நகரில் இருக்கும்போது, திறமைக்கு ஏற்ற பணி விரைவில் அமைகிறது.

கற்றலுக்கு பெங்களூரு எடுத்துக்காட்டு. 1909-இல் இந்திய அறிவியல் கழகம், 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என அடுத்தடுத்து அமைந்த நிறுவனங்கள் பொறியாளர்களை அந்நகரில் திரட்டின. 1985-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கு மையம் தொடங்கியதற்கும், பின்னர் மென்பொருள் துறை வேரூன்றியதற்கும் இந்த அடித்தளம் உதவியது.

எவ்வளவு உயரும்?

நகரின் அளவு இருமடங்காகும்போது உற்பத்தித்திறன் 3 முதல் 8 சதவீதம் வரை உயர்வதாகப் பல்வேறு நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், 5 லட்சம் பேர் வாழும் நகரையும் 80 லட்சம் பேர் வாழும் நகரையும் ஒப்பிட்டால், இடையில் அளவு நான்கு முறை இருமடங்காகிறது. ஒவ்வொரு முறையும் 5 சதவீதம் எனக் கொண்டால், மொத்த வேறுபாடு சுமார் 22 சதவீதத்தை எட்டும்.

திறன்மிக்கவர்கள் பெருநகரங்களை நாடிச் செல்வதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். அந்த விளைவைக் கழித்துவிட்டால் நகரின் பங்கு குறையுமே தவிர, முற்றிலும் மறைந்துவிடுவதில்லை.

நெரிசல் விதிக்கும் வரம்பு

ஒரு தொழிலாளரைப் பொருத்தவரை, நகரின் உண்மையான அளவு அதன் மொத்த மக்கள்தொகை அல்ல. வீட்டிலிருந்து நியாயமான நேரத்தில் சென்றடையக்கூடிய வேலைகளின் எண்ணிக்கையே ஆகும். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கி.மீ. தூரத்தைக் கடக்க சராசரியாக 34 நிமிடங்கள் ஆகின. அதாவது, மணிக்கு சுமார் 18 கி.மீ. வேகம். இது 30 கி.மீ. ஆக உயர்ந்தால், ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். வேகம் குறைந்தால், பெருநகரம் தொடர்பற்ற பல சிறுநகரங்களாகவே இயங்கும். வீட்டுப் பொறுப்பையும் சுமக்கும் பெண்கள் தகுதிக்கு ஏற்ற வேலையைக் கைவிட்டு, அருகில் கிடைக்கும் வேலையை ஏற்க நேரிடுவது இதன் விளைவுகளில் ஒன்று.

நிலப் பயன்பாட்டு விதிகளும் தூரத்தைக் கூட்டுகின்றன. மும்பையின் தீவுப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக் குறியீடு 1991-இல் 1.33 ஆக நிர்ணயிக்கப்பட்டது. நகரின் மையத்தில் வீடுகள் அரிதாகி விலை உயர, பணியாளர்கள் கல்யாண், விரார் போன்ற தொலைவான இடங்களில் குடியேறினர். அவர்களை அலுவலகங்களுடன் இணைத்து, மும்பையை ஒரே வேலைச் சந்தையாக வைத்திருப்பவை புறநகர் ரயில்களே.

ஒரே தொழிலை நம்பும் நகரங்கள்

சிறிய நகரங்களும் ஒரு தொழிலில் தேர்ச்சி பெற்று உயர்ந்த உற்பத்தித்திறனை எட்ட முடியும். திருப்பூரின் பின்னலாடை, மொராதாபாதின் பித்தளைப் பொருள்கள் ஆகியவை இதற்குச் சான்று. ஆனால், ஒரே தொழிலைச் சார்ந்திருப்பதில் இடர் அதிகம். இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரின் பின்னலாடைத் துறையும் சூரத்தின் வைரத் துறையும் நெருக்கடிக்கு உள்ளாகின. பல தொழில்கள் உள்ள பெருநகரில் வேலை இழந்தவர் வேறு துறைக்கு மாற ஓரளவு வாய்ப்பு உண்டு.

யார் பொறுப்பு?

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. ஆனால், நாட்டின் அனைத்து நகராட்சி அமைப்புகளின் வருவாயும் சேர்ந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம் மட்டுமே என ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியுள்ளது.

பெங்களூருவில் மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாமலேயே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2025 ஆகஸ்டில் எலக்ட்ரானிக் சிட்டி பகுதிக்கு மெட்ரோ ரயில் சேவை தொடங்கியது. அதற்கு அடுத்த மாதம் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. பயண நேரம் குறைந்து, எட்டக்கூடிய வேலைகள் பெருகுகின்றனவா என்பதே இத்தகைய மாற்றங்களை மதிப்பிடுவதற்கான அளவுகோலாக அமையும்.