‘வேணும்’ முதல் ‘விசுவாசம்’ வரை



காலையில் எழுந்ததும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழிக்கிறோம். ஊரெல்லாம் கிழிக்கும் அந்தத் தாளை அச்சடித்துக் கொடுப்பதே நம் சிவகாசிதான். கிழித்த கையோடு சோறு கட்டி, பிள்ளையைக் கிளப்பிவிட்டு, தெருமுனையில் நிற்கும் பட்டாசு ஆலை வேனைப் பிடிக்க ஓடுகிறோம். வீடு சந்திக்கப் போகும்போது நம் காதில் விழும் கேள்வி ஒன்றே: “செபம் பண்ண நேரம் எங்கே, சாமி?”

நியாயமான கேள்விதான். இதற்கு நம் தமிழ்த் திருச்சபையின் வரலாறே பதில் சொல்கிறது.

1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் அப்பா, அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். நோயாளிகள் அழைத்து, தம்மால் போக முடியாத வேளைகளில், செபம் தெரிந்த பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரைக் கூட்டிவைத்துச் செபித்தார்கள். ஆகவே நம் மண்ணில் செபம் கோவிலோடு நின்றுவிடவில்லை. தொடக்கத்திலேயே பிள்ளைகளின் வாய்வழியாக வீட்டுக்குள் நுழைந்தது.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்திருந்தது. அதைக் கண்டுகொண்ட சவேரியார், தம் உடன் உழைப்பாளரான பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு 1544-இல் கடிதம் எழுதி, ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைத்துச் சொல்லுமாறு திருத்தினார். சின்னத் திருத்தம்தான். ஆனால் நம் செபத்துக்கும் அதுவே தேவைப்படுகிறது. போனஸ் வேணும், சுகம் வேணும், பிள்ளைக்கு வேலை வேணும் என்று தொடங்குகிறோம். அது தவறில்லை, தகப்பனிடம் கேட்காமல் யாரிடம் கேட்போம்? அதோடு நின்றுவிடுவதுதான் குறை.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். 16 பக்கங்கள் மட்டுமே. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அதுவே. அச்சுத் தொழிலால் வாழும் நாம், தமிழ் அச்சு செபத்தோடு பிறந்தது என்பதை நினைவில் வைப்போம்.

கடற்கரையில் தொடங்கிய அந்தச் செபம் நம் கரிசல் பூமிக்கும் வந்தது. கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணியாற்றினார். பிறகு சோதனைக் காலம் வந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே குருக்கள் எஞ்சினார்கள். பல ஊர்களில் திருப்பலி அரிதாயிற்று. உபதேசியார் முன்நின்று செபம் சொன்னார். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1837-இல் இயேசு சபைக் குருக்கள் மீண்டும் வந்தபோது, செபம் மறவாத குடும்பங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தைத் தாங்கியது, கூலி வேலைக்கும் காட்டு வேலைக்கும் போய்வந்த எளியவர்களின் மாலைச் செபமே.

இன்று நமக்குக் குருவானவரும் இருக்கிறார், கோவிலும் இருக்கிறது. வீட்டுச் செபம் இருக்கிறதா?

நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது ஒரு சிலுவை அடையாளம். மதியம் மருந்து படிந்த கையைக் கழுவும்போது ஓர் அருள் நிறைந்த மரியே. இரவில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் முன்சொல்ல, பத்து மணி செபமாலை. இதற்கு வேன் தவறிப்போகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் நம் பகுதியில் ஒப்பாரி ஓயவில்லை. செபம் தாயத்து அல்ல. பாதுகாப்பு விதிக்கு மாற்றும் அல்ல. ‘வேணும்’ என்ற செபம் “எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது” என்று கேட்கும். ‘விசுவாசம்’ என்ற செபம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரையும் கடவுளின் பிள்ளையாகப் பார்க்கும். காலையில் செபித்த முதலாளி, அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்களை உட்காரவைக்க மாட்டார். காலையில் செபித்த தொழிலாளி, ஆபத்தைக் கண்டால் வாய்மூடி இருக்க மாட்டார்.

இடைவிடாது செபிக்கும்படி புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதும் இதைத்தான்: செபித்த உள்ளத்தோடு வேலை செய்வது. இன்றிரவே நம் வீட்டில் தொடங்குவோம். சின்னப் பிள்ளை மணி அடிக்கட்டும். பெரியவர்கள் நாம் கூடி வருவோம்.

எல்லாம் வல்ல இறைவன் நம்மையும் நம் தொழிலையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.