நல்லெண்ணெயில் வந்த நரம்பு நஞ்சு: இலங்கை, 1977–78

நரம்புச் செல்களையோ அவற்றின் வேலையையோ கெடுக்கும் பொருள்கள் நரம்பு நஞ்சுகள் எனப்படும். பாம்பின் நஞ்சு, பாதரசம், ஈயம், பூச்சிமருந்துகள் சில ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கட்டுவிரியன் கடித்தால் சில மணி நேரத்திலேயே கண் இமை தொங்கத் தொடங்கும். ஆனால் உடலில் நுழைந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காலை முடக்கும் நஞ்சும் உண்டு. அத்தகைய நஞ்சு ஒன்று 1977–78ஆம் ஆண்டுகளில் இலங்கையில் தமிழ்ச் சிறுமியரைத் தாக்கியது. அது எப்படி வந்தது, நரம்பை என்ன செய்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சடங்கும் எண்ணெயும்

பெண் வயதுக்கு வந்ததும் நல்லெண்ணெய், பச்சை முட்டை, உளுத்தங்களி ஆகியவற்றைக் கொடுப்பது தமிழர் வழக்கம். இடுப்புக்கு வலு சேரும் என்பது பெரியவர்களின் எண்ணம். ஆங்கிலேயர் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து இலங்கையின் மலையகத்துக்குச் சென்ற குடும்பங்கள் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றன.

1977–78இல் இலங்கையில் 20க்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குத் திடீரெனக் கைகால்கள் தளர்ந்தன. முதலில் கெண்டைக்காலில் வலி தோன்றியது. பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் அது தொங்கியது. கைகளும் வலுவிழந்தன. பொதுவாக இத்தகைய நோய் ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை. இங்கோ பாதிக்கப்பட்டவர்கள் பருவமடைந்த பெண்களாகவே இருந்தனர். வீட்டில் மற்றவர்கள் உண்ணாத எதை இவர்கள் மட்டும் உண்டார்கள் என்ற கேள்விக்கு விடையாக நின்றது நல்லெண்ணெய்.

எண்ணெயைச் சோதித்தபோது அதில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை வெளியிட்டனர். முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தபோது நஞ்சு கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. குற்றம் எள்ளிலும் இல்லை, சடங்கிலும் இல்லை, கலத்தில் இருந்தது.

உலகில் முன்பு நடந்தவை

டிரைகிரெசில் பாஸ்பேட் நிறமற்ற, எண்ணெய் போன்ற திரவம். இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும் பயன்படுகிறது. உணவு எண்ணெயுடன் எளிதில் கலந்துவிடும். நாக்குக்கும் மூக்குக்கும் பெரும்பாலும் அகப்படாது.

1930இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. போதைக்காகப் பலர் இஞ்சிச் சாறு கலந்த சாராய மருந்தைக் குடித்தனர். அரசுச் சோதனையை ஏமாற்ற விற்பனையாளர்கள் அதில் இந்தத் திரவத்தைச் சேர்த்தனர். பல்லாயிரம் பேர் கால் முடங்கினர். 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான இயந்திர எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்து விற்கப்பட்டதால் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். 1988இல் கொல்கத்தாவின் பேஹாலா பகுதியிலும் கலப்பட எண்ணெயால் இதே முடக்கம் வந்தது. நாடுகள் வேறு, உணவு வேறு, நஞ்சு ஒன்றே.

நரம்பில் நடப்பது என்ன?

ஒரு நியூரானில் சைட்டான் என்னும் உடல் பகுதியும், ஆக்சான் என்னும் நீண்ட இழையும் உண்டு. பாதத்தை அசைக்கும் நியூரானின் சைட்டான் முதுகுத் தண்டுவடத்தில் இருக்கிறது. அதன் ஆக்சானோ ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் சென்று கால் தசையை அடைகிறது. ஆக்சானுக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் சைட்டானில் உருவாகி, இழை வழியாகக் கடைக்கோடி வரை போய்ச் சேர வேண்டும்.

டிரைகிரெசில் பாஸ்பேட்டின் ஆர்த்தோ வகை, நரம்பில் உள்ள ஒரு நொதியைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. அதன் பின் நீளமான ஆக்சான்கள் நுனியிலிருந்து பின்னோக்கிச் சிதைகின்றன. கடைமடை வயல் முதலில் காய்வதைப் போன்றது இது. அதனால்தான் பாதம் முதலில் விழுகிறது, கை பிறகு தளர்கிறது. சிதைவு மெல்ல நடப்பதால், அறிகுறி தெரிவதற்குள் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் எண்ணெய்ப் பாத்திரம் காலியாகியிருக்கும். எதனால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது.

கைகால்களில் உள்ள நரம்பு அறுபட்டாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர முடியும். தண்டுவடத்துக்குள் இருக்கும் இழைகளுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. எனவே தொங்கிய பாதம் தேறி வரும்போது, அதுவரை மறைந்திருந்த தண்டுவடப் பாதிப்பு கால் விறைப்பாக வெளிப்படக்கூடும். சேனநாயக்க பத்து பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினார். ஒரு சிறுமிக்கு மூன்று ஆண்டு என்பது பள்ளிப் பருவத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பூச்சிமருந்தும் இதே குடும்பம்

டிரைகிரெசில் பாஸ்பேட், கரிம பாஸ்பரஸ் சேர்மங்கள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகள் பலவும் அக்குடும்பமே. அவை அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. அதனால் நரம்பின் கட்டளை ஓயாமல் தொடர்கிறது. வாயில் நுரை, வியர்வை, கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு ஆகியவை விரைவில் தோன்றும்.

முதல் ஆபத்து நீங்கியது என்று எண்ணும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரக்கூடும் என்பதை 1987இல் சேனநாயக்கவும் லக்‌ஷ்மன் கரல்லியத்தவும் விளக்கினர். இது ‘இடைநிலை நோய்க்குறி’ எனப்படுகிறது. மருந்து குடித்தவர் எழுந்து பேசினாலும் உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லாமல் மருத்துவமனையில் வைத்திருப்பது இதனால்தான்.

நம் ஊருக்கு இதில் என்ன?

பேரிகை, பாகலூர், ஓசூர் வட்டாரத்தில் ஒரு பக்கம் தக்காளி, பீன்ஸ், ரோஜாத் தோட்டங்கள். மறு பக்கம் தொழிற்சாலைகள். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள நாட்களில் பழைய டிரம்முக்கு இங்கே நல்ல கிராக்கி. அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவரைக் கேட்பவர் குறைவு. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைக்கிறோம். எண்ணெயில் கரையும் நஞ்சு பிளாஸ்டிக் சுவரிலும் மூடி இடுக்கிலும் தங்கியிருக்கக்கூடும்.

ஒருமுறை பயன்படுத்திய தகர டின்னில் மீண்டும் சமையல் எண்ணெய் அடைத்து விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. விற்பவருக்கு உள்ள இந்த விதியை வீட்டிலும் நாம் கடைப்பிடிக்கலாம். பூச்சிமருந்துக் கேனில் குடிநீரோ, மோரோ, எண்ணெயோ ஊற்றக் கூடாது. காலியான கேனை ஓட்டையிட்டு, மறுபடி எவரும் பயன்படுத்த முடியாதபடி செய்ய வேண்டும். ஒரே வீட்டிலோ தெருவிலோ பலருக்குக் கால் தளர்ந்தால், இன்று சாப்பிட்டதை மட்டுமன்றி, மூன்று வாரத்துக்கு முன் என்ன எண்ணெய் வாங்கினோம், எதில் வைத்திருந்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.